இறக்கை உட்காரும் இடம் கிழிந்துவிட்டது, ஸ்டீல் போல்ட் போடலாமா?

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ட்ரெயினர் (ஓட்டப் பழகும் ரிமோட் மாடல் விமானம்) போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, பாதிதான். இறக்கை ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டில் பீரோ மேல் படுத்திருக்கிறது, உடல் பகுதி மட்டும் மூன்று துண்டு.

மேலே இறக்கை வைத்த 40 சைஸ் பால்சா (மிக லேசான மரம்) ட்ரெயினர், இறக்கை நீளம் 1.6 மீட்டர், பேட்டரியோடு 2.3 கிலோ. இறக்கையின் முன் விளிம்பில் ஒரு மர டோவல் (உருண்டைக் குச்சி) நீட்டிக்கொண்டு உடலில் உள்ள ஓட்டைக்குள் போகும், பின்னால் இரண்டு எம்6 (6 மி.மீ. தடிமன்) நைலான் போல்ட். நாலாவது லூப்பில் (செங்குத்தாகப் போடும் வட்டம்) கீழே வந்து மேலே இழுக்கும்போது "டப்" என்று ஒரு சத்தம். இறக்கையின் பின்பக்கம் முதலில் எழும்பியது, அடுத்த நொடி இறக்கை தனியாகப் பிரிந்து இலை மாதிரி சுற்றிச் சுற்றி 200 மீட்டர் தள்ளிப் போய் மெதுவாக இறங்கியது. உடல் ஈட்டி மாதிரி ஏரி மண்ணில் குத்தி நின்றது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கை தட்டினார், அப்படித்தான் செய்யணும் போல என்று நினைத்துவிட்டார்.

இப்போது பார்த்தால் போல்ட் இரண்டும் உடையவே இல்லை. போல்ட் திருகும் பிளைவுட் தகடு அப்படியே பெயர்ந்து இறக்கையோடு போயிருக்கிறது. உடலைத் திரும்பக் கட்டிவிடுவேன், அது பிரச்சினை இல்லை. இந்த முறை தகட்டை இரண்டு மடங்கு தடிமனாக்கி, ஸ்டீல் போல்ட்டும் பின்பக்கம் பிளைண்ட் நட்டும் (மரத்தில் பதிக்கும் நட்) போடலாம் என்று யோசிக்கிறேன். சரியா?

தெர்மோகோல்_தம்பி (மதுரை)

அண்ணா வருத்தமாக இருக்கிறது. ஆனால் போல்ட்டே எதற்கு? உடலின் குறுக்கே முன்னால் ஒரு குச்சி, பின்னால் ஒரு குச்சி, மேலே பத்து ரப்பர் பேண்ட், முடிந்தது கதை. தரையில் முட்டினால் இறக்கை வழுக்கிக்கொண்டு போய்விடும், எதுவும் உடையாது. நான் சன்போர்டில் (ஃபோம் அட்டை) செய்த எல்லாவற்றுக்கும் ரப்பர் பேண்ட்தான்.

கிழப்பருந்து (சென்னை)

தம்பி, ரப்பர் பேண்ட் நல்லதுதான், நானும் முதல் இருபது வருஷம் அதில்தான் ஓட்டினேன். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்தில் வெடித்துப்போகும், எண்ணெய் பட்டால் அதைவிடச் சீக்கிரம். ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போடலாம்.

கரூர்க்காரரே, ஸ்டீல் போல்ட்டை அப்படியே கீழே வையுங்கள். முதலில் ஒரு கேள்வி. பெயர்ந்து வந்த தகட்டின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது? பசை பளபளவென்று வழுவழுப்பாக இருக்கிறதா, இல்லை மர நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் இந்த இழையில் யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

இன்னொன்று, உங்கள் பேட்டரி அடிவாங்கியிருந்தால் வீட்டுக்குள் வைக்காதீர்கள். நசுங்கிய லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) உடனே தீப்பிடிக்கும் என்றில்லை, ராத்திரி இரண்டு மணிக்குப் பிடிக்கும்.

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

பேட்டரி மொட்டை மாடியில் மணல் வாளிக்குள் இருக்கிறது சார்.

தகட்டைப் பார்த்தேன். பளபளவென்றுதான் இருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் விரல்நகம் அகலத்துக்கு நார் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் பசை கண்ணாடி மாதிரி. மரம் கொஞ்சம் பழுப்பாக, கருத்துப்போயும் இருக்கிறது. இதில் என்ன தெரிகிறது?

மரைகழண்டவன் (கோவை)

என்ன தெரிகிறது என்றால் உங்கள் தகடு உடையவே இல்லை, கழன்றிருக்கிறது. ஒட்டு நன்றாக இருந்து சுமை அதிகமாகியிருந்தால் மரம்தான் கிழியும், பசையின் மேல் நார் பிய்ந்து நிற்கும். பளபளப்பு என்றால் பசை மரத்துக்குள் இறங்கவே இல்லை என்று அர்த்தம்.

சும்மா சொல்லாமல் கணக்கே போட்டுவிடலாம், மதிய சாப்பாட்டு நேரம், மேஸ்திரி இல்லை. லூப்பின் அடியில் வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைப்போம். வளைவின் ஆரம் 10 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 62.5, அது ஆறு ஜி-க்குச் (புவியீர்ப்பின் ஆறு மடங்கு) சற்று மேல், புவியீர்ப்பு ஒன்றையும் சேர்த்தால் ஏழு ஜி தாண்டும். ஏழு என்றே வைப்போம்.

இப்போது இறக்கைக்கும் உடலுக்கும் நடுவில் எவ்வளவு இழுப்பு? பலரும் மொத்த எடையைப் பெருக்குவார்கள், அது தப்பு. இறக்கை தன் எடையைத் தானே தூக்கிக்கொள்ளும், இணைப்பு தாங்க வேண்டியது உடலின் எடையை மட்டும்தான். இறக்கை 600 கிராம் என்று வைத்தால் உடல் 1.7 கிலோ. ஏழு மடங்கு என்றால் 12 கிலோ, அவ்வளவுதான். ஒரு எம்6 நைலான் போல்ட்டை நேராக இழுத்தால் அது ஒன்றே 80, 90 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். உங்களிடம் இரண்டு இருந்தது. ஸ்டீல் போட்டு என்ன ஆகப்போகிறது?

அதைவிட முக்கியம், அந்த 12 கிலோவும் பின்னால் வராது. உங்கள் எடை மையம் முன் விளிம்பிலிருந்து சுமார் 8 செ.மீ. தூரத்தில் இருக்கும், பின் போல்ட் 26 செ.மீ. தூரத்தில். தராசு மாதிரி யோசியுங்கள். மையத்துக்குக் கிட்டே இருப்பது டோவல், அதனால் சுமையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், எட்டு கிலோ போல, முன் டோவலுக்குப் போகும். பின் தகட்டுக்கு நாலு கிலோகூட முழுசாக வராது. நாலு கிலோவுக்குப் பெயர்கிற தகடு தீபாவளிக்கு முன்பே பெயர்ந்திருக்க வேண்டியது.

பனைங்காற்று (யாழ்ப்பாணம்)

மரைகழண்டவன் அண்ணை, கணக்கு வடிவாக இருக்கிறது, ஆனால் வாலை மறந்துவிட்டீர்கள். லூப் இழுக்கும்போது எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் மடல்) வாலைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் உடல் வழியாகத்தான் இறக்கைக்குப் போய்ச் சேர வேண்டும். வால் டோவலிலிருந்து 85 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால் அரைக் கிலோ தள்ளினாலே நெம்புகோல் மாதிரி பின் போல்ட்டில் இன்னும் ஒன்றரைக் கிலோ ஏறும், முன்னால் ஒரு கிலோ குறையும். எலிவேட்டரைச் சடாரென்று இழுக்கிறவருக்கு இது இன்னும் கூடும். அவர் சொன்னதைப் பாருங்கள், பின்பக்கம்தான் முதலில் எழும்பியது.

மரைகழண்டவன் (கோவை)

ஒத்துக்கொள்கிறேன், வால் விட்டுப்போச்சு. சரி, ஐந்தரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சமையல் கேஸ் சிலிண்டரில் கால் பங்கு எடைகூட வரவில்லை. தகடு கழன்றதற்கு அது காரணம் ஆகாது.

கிழப்பருந்து (சென்னை)

பழுப்பு, கருப்பு என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த விமானம் புதிதாக நீங்கள் கட்டியதா, யாரிடமாவது வாங்கியதா? முன்பு இதில் எண்ணெய் எஞ்சின் ஓடியதா?

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

சார் நீங்கள் நிஜமாகவே ஜோசியர்தான். வெளியூர் போன ஒரு சீனியரிடமிருந்து வாங்கியது, அவர் ஏழெட்டு வருஷம் க்ளோ எஞ்சினில் ஓட்டியிருக்கிறார். நான் அதைக் கழற்றிவிட்டு மோட்டார் போட்டேன். உள்ளே கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது, துணியால் துடைத்தேன். தகடு அப்போதே லேசாக ஆடியது, அதனால் ஐந்து நிமிட எபாக்சியை (இரண்டைக் கலந்து ஒட்டும் பசை, ஐந்து நிமிடத்தில் இறுகும்) மேலே ஊற்றி ஒட்டினேன். இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ?

கிழப்பருந்து (சென்னை)

முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

க்ளோ எரிபொருளில் மெத்தனாலோடு எண்ணெய் கலந்திருக்கும், விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ, ஐந்தில் ஒரு பங்குவரைகூட. மெத்தனால் எரிந்துவிடும், எண்ணெய் சைலன்சர் வழியாக வெளியே வந்து உடல் முழுக்கப் பூசிக்கொண்டு, இறக்கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழையும். அங்கிருந்து திறந்த மரத்துக்குள் திரி மாதிரி ஏறும். ஏழு வருஷம் ஊறிய மரம் ஊறுகாய்தான், அதில் எந்தப் பசையும் பிடிக்காது. போதாததற்கு ஐந்து நிமிட எபாக்சி. அது நல்ல மரத்திலேயே உள்ளே இறங்குமுன் கெட்டியாகிவிடும். ஏரிக்கரையில் அவசரத்துக்கு ஒட்டுவதற்கு அது போதும், இறக்கை பிடிக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

எண்ணெய் ஊறிய மரத்தை வெட்டி எறியுங்கள். அசிட்டோன் போட்டுத் துடைத்து, டால்கம் பவுடரோ சோள மாவோ கொட்டி ஒரு ராத்திரி விட்டால் மாவு எண்ணெயை உறிஞ்சும், இதை நாலைந்து முறை செய்தால் ஓரளவு சரியாகும். வெட்ட முடியாத பக்கச் சுவர்களுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். தகடு, முக்கோணக் கட்டை எல்லாம் புதிது.

தெர்மோகோல்_தம்பி (மதுரை)

ஐயா அப்போ ஸ்டீல் போல்ட் போட்டால் என்ன நஷ்டம்? எப்படியும் பலம்தானே.

கிழப்பருந்து (சென்னை)

நஷ்டம் தரையில் தெரியும். இறக்கை நுனி தரையில் தட்டிச் சக்கரம் மாதிரி உருண்டால் நைலான் போல்ட் குறுக்கே வெட்டுப்பட்டு, இறக்கை தனியே, உடல் தனியே போய்விடும். நஷ்டம் இரண்டு போல்ட், டீ செலவு. ஸ்டீல் வெட்டுப்படாது. அது தாங்கிக்கொண்டு தகட்டையும் பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடுங்கும், இல்லாவிட்டால் இறக்கையின் நடு மூட்டைப் பிளக்கும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் நைலான். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஆணியை வைத்துக் கட்டின வீடுகளைப் பார்த்திருக்கிறேன், கரி பிடித்த சுவரோடு.

ஆனால் பழைய நைலானையும் நம்பாதீர்கள். டப்பாவில் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தது மொறுமொறுப்பாகி, தொட்டால் உடையும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு அரைமணி நேரம் போட்டு வையுங்கள், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வளைந்து கொடுக்கும். கிண்டல் இல்லை, நைலான் அப்படிப்பட்ட பொருள். சென்னையில் இருப்பவருக்கு இந்த வேலைகூட வேண்டாம், இங்கே காற்றே வெந்நீர்தான்.

மரைகழண்டவன் (கோவை)

இப்போது தகட்டை எப்படி வைப்பது என்று பார்ப்போம், ஏனென்றால் பசையைவிட இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பழைய தகடு எங்கே உட்கார்ந்திருந்தது? பக்கச் சுவரில் ஒட்டிய கட்டைகளின் மேலேயா, கீழேயா?

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

மேலே. இரண்டு பக்கமும் பால்சா முக்கோணக் கட்டை, அதன் மேல் பலகை மாதிரி தகடு.

மரைகழண்டவன் (கோவை)

அதுதான். போல்ட் தகட்டை மேல்நோக்கி இழுக்கிறது. தகடு கட்டையின் மேலே உட்கார்ந்திருந்தால் அதைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே. அதுவும் எல்லா இடமும் ஒரே நேரத்தில் தாங்காது, ஓரத்திலிருந்து ஸ்டிக்கரை உரிப்பது மாதிரி உரியும். பசைக்கு உரிப்பதைப் போல எதிரி கிடையாது. தகட்டைக் கட்டைக்குக் கீழே வையுங்கள். அப்போது போல்ட் இழுக்க இழுக்கத் தகடு கட்டையில் போய் முட்டும், கட்டை பக்கச் சுவரோடு உரசி நிற்கும். பசை உரிபடாமல் வழுக்கும் திசையில் சுமை வாங்கும், அந்தத் திசையில்தான் அதற்கு உயிர். கட்டைக்கு பால்சா வேண்டாம், 10 மி.மீ. சதுரத்தில் ஸ்ப்ரூஸோ, அது கிடைக்காவிட்டால் நார் நேராக ஓடும் தேக்குச் சட்டமோ போதும். தச்சுப் பட்டறையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

தகடு 6 மி.மீ. பிர்ச் பிளைவுட். கிட் பெட்டியில் வருகிற லைட் பிளை (லேசான, மென்மையான பிளைவுட்) இந்த இடத்துக்கு ஆகாது, அதில் மரை நிற்காது. இரண்டு மடங்கு தடிமன் என்றீர்களே, தேவையே இல்லை, அந்த எடையெல்லாம் எடை மையத்துக்குப் பின்னால் உட்காரும், அப்புறம் மூக்கில் ஈயம் கட்டணும்.

மரைக்கு 5 மி.மீ. ஓட்டை போட்டு, எம்6 டேப்பால் (மரை வெட்டும் கருவி) வெட்டுங்கள். பிறகு தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் குளூவை மரையில் இரண்டு சொட்டு விட்டு முழுசாகக் காயவிட்டு மறுபடி டேப்பை ஓட்டுங்கள். மர நார் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும், நூறு முறை கழற்றி மாட்டினாலும் தேயாது. காயுமுன் டேப்பை விட்டால் டேப்போடு கல்யாணம்தான், நான் ஒன்றை அப்படி இழந்தேன்.

கடைசியாக, பக்கச் சுவருக்கு உள்ளே 1.5 மி.மீ. பிளைவுட் ஒட்டுங்கள், முன் ஃபார்மரிலிருந்து (விவசாயி இல்லை, டோவல் நுழையும் குறுக்குத் தகடு) பின் தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி வரைக்கும். அதன் பின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். பிளைவுட் திடீரென்று முடிகிற கோட்டில்தான் அடுத்த முறை உடல் ஒடியும்.

தெர்மோகோல்_தம்பி (மதுரை)

ஃபோமில் இதெல்லாம் எப்படிச் செய்வது? என் சன்போர்டு விமானத்தில் ஹாட் குளூவால் ஒட்டிய தகடு போன வாரம் காரின் பின் சீட்டிலேயே கழன்றுவிட்டது. பறக்கவே இல்லை!

பனைங்காற்று (யாழ்ப்பாணம்)

வெயிலில் பூட்டி வைத்த காருக்குள் ஹாட் குளூ இளகிவிடும் தம்பி, அதை இறக்கைக்கு நம்ப வேண்டாம். எபாக்சியோ, ஃபோமை அரிக்காத பசையோ பாவியுங்கள். சாதாரண சூப்பர் குளூ தெர்மோகோலைத் தின்றுவிடும். ஃபோமில் மரையின் பலம் பெரிதில்லை, ஃபோம் நசுங்காமல் சுமையைப் பரப்புவதுதான் வேலை. ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தகடு வைக்காமல் உள்ளங்கை அளவுக்கு மெல்லிய பிளைவுட் வையுங்கள், போல்ட் தலைக்குக் கீழேயும் இறக்கைக்கு மேலே ஒரு துண்டு. ஓட்டைக்குள் ஒரு பேனாக் குழாயை நிறுத்தி ஒட்டினால் போல்ட்டை இறுக்கும்போது இறக்கை அமுங்காது.

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாம் செய்தாயிற்று. எண்ணெய் மரத்தை வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது, கடைசியில் பின் பாதியின் அடிப்பலகையே புதிது. மெதுவாக இறுகும் அரால்டைட், ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப்பில் விட்டேன். தகடு கட்டைக்குக் கீழே. மொத்தத்தில் 45 கிராம் கூடியிருக்கிறது.

பறக்கவிட பயமாக இருக்கிறது. தரையிலேயே சோதிக்க வழி உண்டா?

பனைங்காற்று (யாழ்ப்பாணம்)

இரண்டு கதிரையை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் வையுங்கள், மேலே தலையணை. விமானத்தை நிமிர்ந்தபடி வைத்து, இறக்கையின் அடிப்பக்கம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பாதி தூரத்தில் தலையணையில் உட்காரட்டும், உடல் நடுவில் தொங்கட்டும். எடை மையத்துக்கு நேரே உடலைச் சுற்றி அகலமான பட்டி போட்டு 10 கிலோ தொங்கவிடுங்கள். உடலின் எடையும் சேர்ந்தால் அண்ணை சொன்ன 12 கிலோ வந்துவிடும். மெதுவாக ஏற்றுங்கள், காதை வைத்துக் கேளுங்கள்.

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

கதிரை என்றால் நாற்காலிதானே, முதலில் நெல் கதிர் என்று நினைத்து இரண்டு முறை படித்தேன்.

செய்துவிட்டேன். பொன்னி அரிசி 10 கிலோ பை, அம்மாவின் பழைய சேலையைப் பட்டியாக மடித்துத் தொங்கவிட்டேன். ஐந்து நிமிடம் இருந்தது. இறக்கை நுனி வளைந்ததைப் பார்த்து அம்மா உள்ளே போய்விட்டார். பின் தகட்டில் சத்தமே இல்லை, அசையவே இல்லை. ஆனால் ஏழெட்டுக் கிலோ வாக்கில் முன்னாலிருந்து "நொறுக்" என்று ஒன்று கேட்டது. இறக்கி வைத்துக் கழற்றிப் பார்த்தால் டோவல் நுழையும் ஓட்டை வட்டமாக இல்லை, மேல்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நீண்டு முட்டை மாதிரி ஆகியிருக்கிறது. அந்தத் தகடு பழையது, லைட் பிளை. அதைத் தொடவே இல்லை நான்.

மரைகழண்டவன் (கோவை)

எட்டு கிலோ முன்னால் என்று எழுதினேன், நானும் சேர்த்து எல்லோரும் பின்பக்கத்தைப் பற்றியே பத்துப் பதிவு பேசியிருக்கிறோம்.

கிழப்பருந்து (சென்னை)

நல்லவேளை, நாற்காலியில் தெரிந்தது. பழைய ஓட்டையை பசையால் நிரப்பி மறுபடி துளைக்காதீர்கள். 3 மி.மீ. பிர்ச் பிளையில் அந்தக் குறுக்குத் தகட்டின் அதே அச்சில் ஒன்று வெட்டுங்கள், அதில் புது ஓட்டை போட்டு, பழையதின் முன்பக்கம் முழுப் பரப்பும் ஒட்டும்படி எபாக்சியில் ஒட்டுங்கள், இரண்டு பக்கச் சுவரையும் அது தொட வேண்டும். ஓட்டைக்கு மேலே குறைந்தது 10 மி.மீ. மரம் மிஞ்சட்டும், இழுப்பு அந்தப் பக்கம்தான். டோவல் 6 மி.மீ., முற்றிய மூங்கில் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இறக்கைக்குள்ளும் அது எங்கே முடிகிறது என்று பாருங்கள், பால்சாவில் வெறுமனே குத்தி நின்றால் உள்ளே ஒரு பிளைத் துண்டு வைக்க வேண்டும்.

ஏரிக்கரை_பைலட் (கரூர்)

உள்ளே வெறும் பால்சாதான் சார். இப்போதுதான் இறக்கையைப் போர்த்திய பிலிமை உரித்துப் பார்த்தேன். மறுபடி அரிசிப் பையை வாங்கி வைத்திருக்கிறேன், பழையது சமைத்தாகிவிட்டது.